தாது வருஷத்துத் தவலையும் மின்கட்டண அட்டையும்

பூர்வீக வீட்டைப் பிரிக்கும்போது பித்தளையைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவதும் பழைய தாள்களை எடைக்குப் போடுவதும் ஒரே நாளில் முடிந்துவிடும். அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். மன்னார்குடிப் பக்கம் எங்கள் குடும்ப வீட்டைக் காலி செய்தபோது கைக்கு வந்தவற்றை வைத்துக்கொண்டு, மூன்று தலைமுறையாக நாங்கள் எதை எரித்தோம், எதை வீணாக்கினோம், எந்தப் பழக்கம் எப்போது ஏன் மாறியது என்பதை ஓரளவு எழுதிவைக்க முடிந்திருக்கிறது. பருவநிலை பற்றி வீட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் "அந்தக் காலத்தில் இப்படி வெயில் அடித்ததில்லை" என்று தொடங்கி, "நாம் ஒருவர் மாறி என்ன ஆகிவிடப்போகிறது" என்று முடிந்துவிடுகிறது. இரண்டையும் சரிபார்க்க எங்கள் பரணிலேயே சாட்சிகள் இருந்தன.

கிடைத்தவை பெரிய புதையல் ஒன்றும் இல்லை. ஒரு பித்தளைத் தவலை, கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல், தாத்தாவின் வரவு செலவு நோட்டுகள், ஒரு தகரப் பெட்டி நிறையப் பத்திரங்கள், அப்பா திருச்சி வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுப் பிறகு கட்டிவைத்திருந்த மின்கட்டண அட்டைகள். இவ்வளவுதான்.

வீட்டுச் சாமானும் வீட்டுக் கணக்கும் எப்படி வரலாறாகும் என்று கேட்பவர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவூட்டுவேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736-இல் எழுதத் தொடங்கி 1761-இல் இறக்கும்வரை நாட்குறிப்பு வைத்திருந்தார். அது எண்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்து, 1846-இல்தான் வெளியுலகத்தின் கண்ணில் பட்டது. கப்பல் வந்த நாள், சரக்கு விலை, அடித்த புயல் எல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் தாத்தாவிடம் அரை வேலி நிலமும் ஒரு நோட்டும்தான் இருந்தன. ஆனால் தினமும் எழுதினார்.

முதலில் தவலை. அதன் கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. பாத்திரக் கடையில் சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்தித் தருவார்களே, அந்த எழுத்து. காலமெல்லாம் புளி போட்டுத் தேய்த்ததில் பாதி மழுங்கியிருந்தது. கொஞ்சம் விபூதியை விரலில் தொட்டு எழுத்தின்மேல் தடவி, மேற்பரப்பை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தேன். புள்ளிக் குழிகளில் விபூதி தங்கி எழுத்து வெள்ளையாக எழுந்தது. டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. தலைப்பெழுத்து, கொடுத்தவர் பெயர், அதன் கீழே ‘தாது ௵ ஆவணி ௴’ (௵ வருஷத்துக்கும் ௴ மாதத்துக்கும் உரிய பழைய குறிகள்). பெயர் வெட்டிய பாத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால் பளபளப்பாக்கும் பொடிகளைப் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்தப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன.

அத்தைக்கு அந்தத் தவலையின் கதை மனப்பாடம். "தாது வருஷப் பஞ்சத்தில் நெல்லுக்காக எல்லாப் பாத்திரமும் போயிற்று, இது ஒன்றுதான் தப்பியது" என்பார். தாது வருஷப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சம். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவால் பருவமழை பொய்த்தது. மழை பொய்த்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டே இருந்தது. லட்சக்கணக்கான மக்கள் செத்துப்போனார்கள். பருவநிலையும் ஆட்சியின் முடிவுகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ் மண் கண்ட மிகக் கொடிய பாடம் அது. அந்தப் பஞ்சத்தின் சாட்சி எங்கள் வீட்டுத் தவலை என்றால் அது சாதாரண விஷயம் அல்ல. அதனாலேயே சரிபார்க்க வேண்டியிருந்தது.

தமிழ் வருஷங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. தாது 1876-இல் பிறந்தது, 1936-இல் பிறந்தது, 1996-இலும் பிறந்தது. தவலை எந்தத் தாதுவைச் சேர்ந்தது? பதில் தகரப் பெட்டிக்குள் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அச்சான முத்திரைத்தாளில் 1929-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். தவலையில் பெயருள்ளவரே அதை எழுதிக்கொடுத்திருக்கிறார். பத்திரம் எழுதுகிறவர்கள் வயதையும் சேர்த்து எழுதும் வழக்கம் நல்ல வழக்கம். ‘சுமார் 34 வயதுள்ள’ என்று இருக்கிறது. பஞ்சத்தின்போது அவர் பிறக்கவே இல்லை. ஆக, தவலை 1936 ஆவணியில் நடந்த ஒரு கல்யாணச் சீர்.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "அப்படியானால் பஞ்சத்தில் தப்பிய தவலை எங்கே?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. கதை பொய் என்று நான் நினைக்கவில்லை. வேறொரு பாத்திரத்துக்கு உரிய கதை, அந்தப் பாத்திரம் போனபின், ஒரே வருஷப் பெயர் வெட்டிய இன்னொன்றில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். பஞ்சத்தின் நினைவு அவ்வளவு காலம் ஒரு குடும்பத்தில் தங்கியிருந்தது என்பதே ஒரு சான்று. அதனால் தவலையோடு சேர்த்து, அத்தை சொன்ன கதையையும் அவர் குரலிலேயே பதிவு செய்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். பொருள் சொல்வதும் ஆள் சொல்வதும் ஒத்துப்போகாதபோது இரண்டையும் காப்பாற்ற வேண்டும்.

பஞ்சத்துக்குச் சாட்சியாகாத அதே தவலை இன்னொன்றுக்கு நல்ல சாட்சி. அதன் அடியில் இரண்டு இடத்தில் பற்றவைத்த தழும்பு இருக்கிறது. உள்ளே ஈயப் பூச்சின் மிச்சம் இருக்கிறது. தாத்தாவின் நோட்டில் தைப் பொங்கலை ஒட்டி ‘ஈயம் பூச’ என்று ஒரு செலவு ஆண்டு தவறாமல் வருகிறது. நடுவில் ஓரிடத்தில் ‘தவலை ஓட்டை அடைக்க’. 1980-களின் தொடக்கத்தில் அந்தச் செலவு நின்றுபோகிறது. ஏன் நின்றது? சோம்பேறித்தனம், நாகரிக மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நோட்டு வேறு காரணம் காட்டுகிறது. ஈயச் செலவு நின்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டில்தான் காஸ் அடுப்பு வாங்கியிருக்கிறார்கள். உருண்டை அடியும் பெரும் கனமும் உள்ள தவலை விறகடுப்பின் குமிழ்களில் உட்காரும். காஸ் அடுப்பின் கம்பிகளில் உட்காராது. அடுப்பு மாறியதால் பாத்திரம் மாறியது. பாத்திரம் மாறியதால் தெருவில் வந்துகொண்டிருந்த ஈயம் பூசுகிறவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் வருவது நின்றதும், மீதியிருந்த பித்தளையும் வாழ வழியில்லாமல் பரணேறியது.

என் அனுபவத்தில் இதுதான் முக்கியமான விஷயம். பழக்கங்கள் மனசாட்சியால் மட்டும் மாறுவதில்லை. ஒரு பொருள் வந்து இன்னொன்றைத் தள்ளுகிறது. எது எதைத் தள்ளியது என்று தேதியோடு தெரிந்தால்தான், இன்று எதில் கை வைத்தால் பலன் இருக்கும் என்பது தெரியும்.

தேதி தெரிய வேண்டுமானால் நோட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். தாத்தாவின் பழைய நோட்டுகளில் சிலவற்றுக்கு அட்டையே இல்லை, ஆண்டும் இல்லை. அப்போது பணமும் எடையும் உதவுகின்றன. ‘3-8-0’ என்று மூன்று கட்டமாக இருந்தால் அது ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு). 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘புதுப் பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. வீசை, பலம், சேர் மறைந்து கிலோ வருவது 1958 அக்டோபருக்குப் பிறகு. பழைய எடைகள் முழுவதும் போக 1960-களின் தொடக்கம் ஆயிற்று. கடிதத்தில் சென்னை ராஜ்யம் என்று முகவரி இருந்தால் பெரும்பாலும் 1969-க்கு முன்; ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். கிராமத்துக் கைகள் பழையதை உடனே விடுவதில்லை என்பதால் ஒரு தடயத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது. எங்கள் தாத்தா கிலோவில் வாங்கிவந்ததை வெகுநாள் வீசையில்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

நாடு வீசையை விட்டுக் கிலோவுக்கு நகரத் தொடங்கிய அதே 1958-இல்தான் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார்கள். அன்று பத்து லட்சம் பங்குக் காற்றில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டு நோட்டும் அட்டைகளும் அந்த ஏற்றம் முழுவதற்கும் இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்களின்மேல் மதிப்பு கூடுகிறது.

நோட்டின் ஓரங்களில் மழைக் குறிப்புகள் உண்டு. ‘ஆ.கல் கால்’, ‘ஆ.கல் அரை’, ‘ஆ.கல் வழிந்தது’. ஆட்டுக்கல் என்பது சித்தப்பா சொல்லித்தான் உறுதியானது. குழவியை எடுத்துவிட்டால் வானம் பார்த்த கல்லின் குழி மழைமானிதான். காலையில் எழுந்ததும் தாத்தா முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான் என்றார். கல் இன்னும் அங்கேயே இருந்ததால் அதை அளந்து பார்த்தோம். குழியின் வாய் குறுக்காக 30 செ.மீ. லிட்டர் குவளையால் ஊற்றியதில் சுமார் 5 லிட்டர் பிடித்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் விழுந்தால் அது 1 மி.மீ. மழை. இந்தக் கல்லின் வாய்க்கு ஒரு லிட்டர் என்பது ஏறத்தாழ 14 மி.மீ. ஆகவே கல் நிரம்பினால் சுமார் 70 மி.மீ. ஒரே நாளில் 64.5 மி.மீ.க்கு மேல் பெய்தால் இந்திய வானிலைத் துறை அதைக் கனமழை என்கிறது. ‘ஆ.கல் வழிந்தது’ என்று தாத்தா எழுதிய இரவுகள் எல்லாம் ஏறக்குறைய கனமழை இரவுகள்.

குழி கீழே குறுகுவதால் பாதி ஆழம் என்றால் பாதி மழை அல்ல, அதைவிடக் குறைவு. அதற்காக ஒவ்வொரு லிட்டருக்கும் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஒரு குச்சியில் கோடு போட்டுக்கொண்டோம். கல்லின் விளிம்பில் பட்டுத் தெறிப்பது, முந்தின நாள் தண்ணீரைக் கொட்டாமல் விடுவது ஆகிய பிழைகளும் உண்டு. மில்லிமீட்டர் துல்லியம் இதில் வராது. பெரிய மழை, நடுத்தர மழை, தூறல் என்று பிரிக்கலாம்.

அவர் குறிப்பை எவ்வளவு நம்பலாம்? எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாளை வைத்துச் சோதிக்கலாம். 1977 நவம்பர் 12 விடியலில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடும்புயல் கரையேறியது. அந்தத் தேதியில் நோட்டில் இருப்பது: ‘இரவு முழுதும் காற்று. மேற்குக் கூரையில் ஓடு இல்லை. தென்னை சாய்ந்தது. எல்லோரும் சுகம்.’ அடுத்த பக்கங்களில் ஓடு வாங்கிய செலவு, ஆள் கூலி. தேதி பிசகவில்லை. இப்படி இரண்டு மூன்று நாள்கள் பொருந்திவிட்டால் மற்ற குறிப்புகளையும் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம்பகமான குறிப்பாகவே இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அது விடை சொல்லாது. வாய்க்காலில் தண்ணீர் வந்த நாளைத் தாத்தா ஆண்டுதோறும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். பிற்கால நோட்டுகளில் அது தள்ளித் தள்ளிப் போகிறது. பார்த்ததும் பருவநிலை மாற்றம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1934 முதல் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவது மேட்டூர் அணை. ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், அணையில் நீர் இருந்தால்தான் திறப்பார்கள். அதற்கும் மேலே கர்நாடகத்தில் அடுத்தடுத்து அணைகள் எழுந்தன. சிவப்பு மைத் தேதியில் மழையும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது, இரண்டையும் அந்தத் தேதியை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. வெயிலும் அப்படியே. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்பதை வெப்பமானிகள்தான் சொல்ல முடியும். ‘வெயில் தாங்கவில்லை’ என்று 1960-களிலேயே தாத்தா எழுதியிருக்கிறார். ‘ஐப்பசி முழுதும் மழை இல்லை, நாற்று காய்கிறது’ என்றும் எழுதியிருக்கிறார். தன் இளமையில் ஐப்பசி அடைமழை ஒருபோதும் தவறியதில்லை என்று அடித்துச் சொல்லிவந்த அத்தை, அந்தப் பக்கத்தைத் தானே வாய்விட்டுப் படித்தார்.

இனி ஆட்டுக்கல்லின் இன்னொரு வேலை. "நாங்கள் கல்லில் அரைத்தோம், உங்களுக்குத்தான் எல்லாவற்றுக்கும் சுவிட்ச். பூமி சூடாகாமல் என்ன செய்யும்?" என்று அத்தை அடிக்கடி கேட்பார். பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. கணக்குப் போட்டுக் காட்டினேன். வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் சுமார் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு யூனிட். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை மாவு அரைக்க 70 கிராம். ஒன்றரை டன் ஏசி ஒரு இரவு ஓடி 6 யூனிட் எடுத்தால் 4 கிலோவுக்கு மேல். அதாவது, ஒரு ஏசி இரவில் அறுபது முறை மாவு அரைத்துவிடலாம். "அத்தை, உங்கள் தோள்பட்டை வலிக்கு அந்தக் கல்தானே காரணம்? அதைப் போய் நாங்கள் திரும்பத் தூக்க வேண்டுமா?" என்றேன். "வேண்டாம், வேண்டாம்" என்று உடனே சொல்லிவிட்டார்.

பாரம்பரியத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லும் அறிவுரைகளில் எனக்கு மனக்குறை உண்டு. அம்மி, ஆட்டுக்கல், விறகடுப்பு, துணி துவைக்கும் கல் என்று அவை பட்டியலிடுபவை எல்லாம் பெண்களின் உடலால் ஓடியவை. அவற்றைத் தள்ளிய இயந்திரங்கள் எடுக்கும் மின்சாரம் மிகச் சிறியது. கூரை, ஏசி, கார் ஆகியவற்றைப் பற்றி அந்த அறிவுரைகள் அதிகம் பேசுவதில்லை. விறகடுப்பையும் புனிதப்படுத்த வேண்டியதில்லை. நோட்டில் வண்டி வண்டியாக விறகு வருகிறது. அதே நோட்டில் பாட்டியின் இருமலுக்கு மருந்துச் செலவும் வருகிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுதும் எரிந்தால் 42 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறும் என்பது உண்மை. ஆனாலும் புகை நிறைந்த அடுக்களைக்கு நான் வாக்களிக்க மாட்டேன். பருப்பை ஊறவைத்து வேகவைப்பது, மூடி போட்டுச் சமைப்பது, குக்கரில் விசில் வந்ததும் தீயைத் தணிப்பது ஆகியவை போதும். சிலிண்டர் மாற்றிய தேதியை அதன் புத்தகத்திலேயே குறித்து வந்தால் வித்தியாசம் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

மின்கட்டண அட்டைகள்தான் எங்கள் குடும்பத்தின் மிக நேர்மையான ஆவணம். கணக்கெடுக்க வருகிறவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து, தேதி, அளவு, யூனிட், தொகை என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போன வெள்ளை அட்டைகள். அதில் எங்கள் ஆசையோ பெருமையோ கலக்க வழியில்லை. தொடக்கத்தில் இரண்டு மாதத்துக்கு 50, 60 யூனிட். ஃபிரிட்ஜ் வந்தபின் 150-ஐ ஒட்டி நிற்கிறது. கிரைண்டர் வாங்கிய மாதத்தை அட்டையில் தேடினேன், கண்ணுக்கே தெரியவில்லை. ஏசி மாட்டிய ஆண்டின் சித்திரை, வைகாசிக் கட்டத்தில் மட்டும் எண் திடீரென்று 600-ஐத் தாண்டுகிறது. மார்கழி, தைக் கட்டங்கள் பழையபடியே இருக்கின்றன. எங்கள் வீட்டின் கூடுதல் மின்சாரம் முழுவதும் வெயிலோடு கட்டிய மல்யுத்தம் என்று அந்த ஒரு வித்தியாசம் சொல்லிவிட்டது.

வெயில் அவ்வளவு கூடிவிட்டதா என்றால், கிரயப் பத்திரத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். கிராமத்து வீட்டை அது ‘நாட்டு ஓடு போட்ட இரண்டு கட்டு வீடு, முற்றம், கிணறு சகிதம்’ என்று வருணிக்கிறது. உயரக் கூரை, ஓட்டின் இடுக்கில் காற்று, நடுவில் வானம் திறந்த முற்றம். திருச்சி வீடு 1990-களில் கட்டியது. சிக்கனத்துக்காக மேல்தளத்தில் தட்டோடு பதிக்காமல் விட்ட கான்கிரீட் கூரை, அதற்கு நேர் கீழே படுக்கை அறை. இரவு பத்து மணிக்கும் கூரையின் அடிப்பக்கத்தில் கை வைக்க முடியாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கூரை இரவில்தான் கீழே இறக்குகிறது. ஏசிக்கு முன்பே ஏசியின் தேவையைக் கட்டிவிட்டோம். தவலையைக் காஸ் அடுப்பு தள்ளியது போலவே, விசிறியைக் கான்கிரீட் தள்ளியிருக்கிறது.

காரணம் தெரிந்தபின் செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது. கோடைக்கு முன் மாடித் தரையைக் கழுவிக் காயவைத்து, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கை அடித்தோம். மேற்குச் சன்னலுக்கு வெளியே தட்டி கட்டினோம். உள்ளே தொங்கும் திரையைவிட வெளியே நிற்கும் தட்டிதான் வேலை செய்கிறது. கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. ஏசியை 26-இல் வைத்து விசிறியையும் சேர்த்து ஓடவிட்டோம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. அந்தக் கோடையில் எங்கள் யூனிட் கால் பங்குக்கு மேல் குறைந்தது. பூச்சு இரண்டு மூன்று ஆண்டில் அழுக்கேறி மங்கும், மறுபடி அடிக்க வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தட்டோட்டையோ வெள்ளை ஓட்டையோ சிக்கனத்தின் பெயரில் விட்டுவிடாதீர்கள்.

வயலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீர் தேங்கிய நெல்வயலின் சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலியது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டினால் அது கணிசமாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "கடைமடையில் எங்களுக்கு எப்போதும் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றார். மேட்டுப் பாங்கான ஒரு வயலில் கணக்காகச் செய்து பார்க்கிறார். களை கூடுகிறது என்பது அவர் குறை. களைக்கு வழி தெரியாமல் மற்ற வயல்களுக்கு விரிக்க அவர் தயாரில்லை. நியாயம்தான்.

பழைய தாள்களை எப்படி வைப்பது என்று கேட்பவர்களுக்கு: லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாள் உள்ளேயே கெடும். செல்லோடேப் அதைவிட மோசம். சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டு, துருப்பிடித்த குண்டூசி இரண்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, தாளைக் காகித உறையில் போட்டு, தரையிலிருந்து உயர்ந்த உலர்ந்த அலமாரியில் வையுங்கள். எது எங்கே, எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் போடுங்கள். எங்கள் தவலைக்கு வயது சொன்னது அதே வீட்டில் கிடைத்த பத்திரம்தான். இரண்டும் பிரிந்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. ஓலைச்சுவடி கிடைத்தால் வீட்டில் எண்ணெய் தடவிப் பார்க்க வேண்டாம், தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போன்ற இடங்களில் கேட்டுச் செய்யுங்கள்.

எனக்கு இப்போது கவலை பழைய தாள்களைப் பற்றி அல்ல, இன்றைய தாள்களைப் பற்றியது. வெள்ளை அட்டை போய்விட்டது. யூனிட் கணக்கு கைப்பேசியில் குறுஞ்செய்தியாக வருகிறது, கைப்பேசியை மாற்றினால் அதுவும் போய்விடும். பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் தரும் ரசீதுகள் சூட்டில் அச்சாகும் வழவழப்புத் தாள். கோடை வெயிலில் காரில் கிடந்தாலே எழுத்து மறைந்துவிடுகிறது. ஆறணாவுக்கு வாங்கிய தாத்தாவின் நோட்டு படிக்கிற நிலையில் இருக்கிறது, போன வருடத்து ரசீது இல்லை. ஆகவே என் மகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். மின்சார யூனிட், சிலிண்டர் மாற்றிய தேதி, பெட்ரோல் லிட்டர், சித்தப்பா ஊரிலிருந்து சொல்லும் மழை அளவு, புதிதாக வாங்கிய சாமான், பழுது பார்த்த சாமான். தொகையை விட்டாலும் அளவை விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விலை ஏறிக்கொண்டே போகும், லிட்டரும் யூனிட்டும்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் ஒப்பிடக் கூடியவை. தமிழ் மாதம் எழுதுவது அவள் விருப்பம். ஆண்டை மட்டும் நான்கு இலக்கத்தில் எழுதுகிறாள்.